இறந்த விதமும் இருந்த விதமும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் தேசிங்கு ராஜனின் பெயரைக் கேளாமல் திரும்புவதில்லை. 1714-ஆம் ஆண்டில், தன் 22-ஆம் வயதில், சில நூறு குதிரை வீரர்களோடு ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்துச் சென்று மாண்டவன் அவன். உலகக் கணக்கில் அது விவேகமற்ற மரணமே. ஆயினும் கையில் வாள் இருந்தது. மக்கள் அதைக் கதைப்பாடலாக்கினர்.

அதே மலையடிவாரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் என் பங்கைச் சேர்ந்த ஒருவர் இறந்தார். அவர் கையில் வாள் இல்லை. வெளியூர் உறவினருக்குக் கோட்டையைக் காட்டச் சென்றவர், முறுக்குப் பொட்டலத்தைப் பறித்தோடிய குரங்கைத் துரத்திக்கொண்டு பாறைமேல் ஏறினார். கால் வழுக்கி விழுந்தார். அவ்வளவுதான். இழவு வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்களை நானே கண்டேன். மறைக்காமல் சொல்கிறேன்: எனக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அதை மறைக்கவோ என்னவோ, அடக்கத் திருப்பலி மறையுரையில் விவேகம் என்னும் நற்பண்பைப் பற்றி நீளமாகப் பேசினேன்.

கல்லறையிலிருந்து திரும்புகையில் அவருடைய மனைவி என் அருகே வந்தார்.

"சாமி, அவரு செத்ததத்தான் சொன்னீங்க. அவரு இருந்தத ஒரு வார்த்த சொல்லலியே."

நான் பதில் பேசவில்லை. பேச ஒன்றும் இல்லை.

அந்தச் சொல் மீண்டும் என்னைக் குத்தியது ஒரு திரைப்படத்தின் முன் அமர்ந்திருந்தபோது. குருக்கள் சிலர் கூடியிருந்த ஒரு மாலையில், நண்பர் ஒருவர் 'ஈ.ம.யௌ.' என்ற மலையாளப் படத்தைக் காட்டினார். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி 2018-இல் வெளிவந்தது. அதே ஆண்டு கோவாவில் நடந்த இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. இறப்பவரின் காதில் நம் முதியோர் ஓதும் 'சேசு, மரி, சூசை' என்பதன் மலையாள முதலெழுத்துகளே அந்தத் தலைப்பு.

கொச்சியை அடுத்த செல்லானம் என்னும் மீனவக் கத்தோலிக்கக் கடற்கரையில் கதை நிகழ்கிறது. நெடுநாளுக்குப் பின் கையில் ஒரு வாத்தோடு வீடு திரும்புகிறார் வாவச்சன் மேஸ்திரி. மகன் ஈசியோடு குடிக்கிறார். தன் தகப்பனாருக்கு நடந்த ஆடம்பர அடக்கத்தை நினைத்து ஏங்குகிறார். தனக்கும் அப்படியே செய்வதாக மகனிடம் வாக்குப் பெறுகிறார். பின் போதையில் ஆடுகிறார், விழுகிறார், இறக்கிறார். அதன்பின் வாக்கைக் காப்பாற்றக் கடன்படும் மகன், ஒப்பாரிக்கிடையே வந்தவரைக் கவனிக்கும் மனைவி, இழவு வீட்டுக்கு வந்து நிற்கும் இரண்டாம் குடும்பம் என்று ஒவ்வொன்றாய் வர, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஊரில் ஒரு புரளி கிளம்புகிறது: இது இயல்பான சாவுதானா? பங்குத்தந்தை அதற்குச் செவிசாய்க்கிறார், துப்பறிபவரைப்போல் வினவுகிறார், கல்லறையில் இடம் மறுக்கிறார். கொட்டும் மழையில் மகன் தன் வீட்டு முற்றத்திலேயே குழி தோண்டித் தகப்பனைப் புதைக்கிறான். அப்போது எங்களில் எவரும் சிரிக்கவில்லை. திரையில் நின்ற குருவானவரின் முகத்தில் நான் என்னைக் கண்டேன். அவர் கல்லறையை மறுத்தார். நான் ஒரு வார்த்தையை மறுத்தேன்.

திருவிவிலியத்திலும் இத்தகைய விபத்து ஒன்று உண்டு. திருத்தூதர் பணிகள் நூலின் 20-ஆம் அதிகாரத்தில், துரோவா நகரில் தூய பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போகிறார். பலகணியில் அமர்ந்திருந்த யூத்திகு என்னும் இளைஞன் உறங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான், இறந்தவனாகத் தூக்கப்படுகிறான். நீண்ட மறையுரையால் வந்த மரணம்! மறையுரையாளர் அனைவரும் அஞ்சவேண்டிய பகுதி அது. ஆனால் பவுல் அந்த இளைஞனின் கவனக்குறைவைக் கண்டித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கீழே இறங்கிச் செல்கிறார். அவன்மேல் குனிந்து தழுவிக்கொள்கிறார். அவன் உயிர் பெறுகிறான். சீலோவாம் கோபுரம் சரிந்து மாண்ட 18 பேரைக் குறித்து ஆண்டவரும் அவர்களுடைய குற்றத்தை அளக்க மறுத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனம் மாற அழைத்தார்.

ஒருவர் இறந்த விதம் ஒரு நொடி. இருந்த விதம் 50, 60 ஆண்டுகள். நொடியைக் கொண்டு ஆண்டுகளை அளப்பது நீதியன்று.

அடுத்த வாரமே அந்த அம்மாவின் வீட்டுக்குச் சென்று, "அவரைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா" என்றேன். ஆண்டுதோறும் நவம்பர் 2-க்கு முந்தின நாள், கவனிக்க ஆளில்லாத கல்லறைகளுக்கெல்லாம் அவர் தம் செலவில் சுண்ணாம்பு அடிப்பாராம். பங்குத்தந்தையான எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. பேச்சின் நடுவே, "கடைசியில அந்த முறுக்கும் கிடைக்கல, மனுசனும் கிடைக்கல சாமி" என்று சொல்லி அவரே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். நானும் சிரித்தேன். அது இழவு வீட்டில் நான் மறைத்த சிரிப்பு அன்று. விழுந்தவரின் அருகே இறங்கி வந்தபின் வரும் சிரிப்பு அது. அதில் பழி இல்லை.

அவருடைய ஆண்டு நினைவுத் திருப்பலியில் குரங்கைப் பற்றி நான் பேசவில்லை. சுண்ணாம்பைப் பற்றிப் பேசினேன்.