உரிமம் யார் பெயரில்?

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் பலர் ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள். பட்டு நூல் மூட்டையையும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு, வரதராஜப் பெருமாள் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வருகிறார்கள். கார் என்று வந்தால் மட்டும் சாவி ஆண்கள் கைக்குப் போய்விடுகிறது.

தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவும் நானும் மெல்போர்ன் போக வேண்டியிருந்தது. பல வருஷம் தறிக்குழியில் உட்கார்ந்த அம்மாவின் முழங்காலுக்குப் பஸ் ஏறி இறங்குவது ஆகாது. அங்கே கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டுகிறேன் என்றேன். "இன்டர்நேஷனல் லைசென்ஸ் வேணுமே, அதெல்லாம் உனக்கு ஆகுமா?" என்றார்கள் வீட்டில். கேட்டவர்களில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. தெரியாத ஒரு தாளைச் சொல்லிப் பெண்ணை உட்கார வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அந்தத் தாள் என்ன என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது தனி உரிமம் இல்லை. நம் உரிமத்தைப் பிற நாட்டுக்காரர் படிக்கும்படி எழுதித் தரும் சான்று, அவ்வளவுதான். அதற்கென்று தனியாக ஓட்டிக் காட்டத் தேவையில்லை. 1949 ஜெனீவா உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருப்பதால் நம் ஆர்.டி.ஓ. அலுவலகமே இதைத் தருகிறது. படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய். ஒரு வருஷம் செல்லும். அதற்குள் நம் உரிமம் காலாவதியானால் இதுவும் முடிந்தது. விண்ணப்பிக்கும்போதே மருத்துவச் சான்றும் விசாவும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2021 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் ஒரே வடிவமாக்கி, கியூஆர் கோடும் சேர்த்தார்கள். இணையத்தில் தனியார் விற்கும் புத்தகங்களை வாங்காதீர்கள். வெளிநாட்டில் ஓட்டும்போது அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும்.

இது கட்டாயமா என்பதை மூன்று இடங்களில் கேட்க வேண்டும். முதலில் அந்த நாட்டுச் சட்டம். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில், குறுகிய காலம் வந்து போகிறவரின் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் அதுவே போதும். ஜப்பானில் போதாது, 1949 உடன்படிக்கைப்படி கொடுத்த அனுமதி இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது வாடகை நிறுவனம். சட்டம் கேட்காததையும் அது தன் ஒப்பந்தத்தில் கேட்கலாம், என்னிடம் கேட்டது. மூன்றாவது காப்பீடு. சட்டப்படி வேண்டிய தாள் இல்லாமல் ஓட்டி விபத்தானால், பணம் தர மறுக்க அதுவே காரணமாகிவிடும். அதனால் எந்த நாடானாலும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்பேன்.

என்னைத் திணறடித்தது அந்த அனுமதி இல்லை, என் பெயர். பாஸ்போர்ட், உரிமம், கிரெடிட் கார்டு மூன்றிலும் ஓட்டுகிறவரின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். வைப்புத்தொகையைப் பிடித்து வைக்கிற கார்டு ஓட்டுகிறவருடையதாகவே இருக்க வேண்டும் என்பார்கள். என் உரிமத்தில் அப்பாவின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். கார்டு கணவருடையது. எனக்கென்று கார்டே கிடையாது. இரண்டு ஆண்களின் பெயர்களுக்கு நடுவே நான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

கல்யாணமானால் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்குத் திருமணச் சான்று தேவையில்லை, தாய் தந்தையரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரிலேயே விதி வந்துவிட்டது. என் பாஸ்போர்ட்டை உரிமத்தில் உள்ள பெயருக்கே மாற்றினேன். என் சம்பளக் கணக்கில் என் பெயருக்கு ஒரு கார்டு வாங்கினேன். அனுமதி வாங்க ஆனதைவிட இதற்குத்தான் அதிக நாள் ஆனது.

சௌதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டலாம் என்றானது 2018 ஜூன் 24-இல். அதற்கு முன்பே, ஜூன் 4 அன்று, முதல் உரிமங்கள் பத்துப் பெண்களுக்குக் கிடைத்தன. அவர்கள் ஏற்கெனவே வேறு நாடுகளில் உரிமம் எடுத்து வைத்திருந்தவர்கள். வழி திறந்த நாளில் அவர்கள் பெயரில் ஒரு தாள் தயாராக இருந்தது.

அம்மாவுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வரும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிந்தவள் அம்மாதான். கூலிச் சீட்டிலும் சங்கத்துப் புத்தகத்திலும் அப்பா பெயர் மட்டுமே இருந்தது. பாஸ்போர்ட் எடுக்கும்போது அம்மாவின் தொழில் என்ன என்று கேட்டார்கள். "வீட்டு வேலை" என்று அவளே சொன்னாள். நான் குறுக்கிட்டு, "நெசவாளி" என்றேன்.

பயணம் போகப்போகிற பெண்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் உங்கள் தாள்களையெல்லாம் மேசைமேல் பரப்பிப் பாருங்கள். எத்தனை பெயர்களில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அவற்றை ஒன்றாக்கிவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே ஆவது ஆயிரம் ரூபாய்தான்.