கற்பிக்கச் சென்றவர் கற்றது

பிறந்த நாட்டை விட்டுப் பிறிதொரு நாட்டிற் சென்று வாழ்வோர் பல திறத்தினர். பொருளீட்டச் செல்வோர் உளர். கல்வி கற்கச் செல்வோரும் உளர். கற்பிக்கும் பொருட்டுச் செல்வோரும் உளர். கற்கச் செல்பவர், தமக்குத் தெரியாதவை பல என்பதை உணர்ந்தே செல்கின்றார். கற்பிக்கச் செல்பவரோ, தாம் அறிந்தவர் என்னும் எண்ணத்தோடு செல்கின்றார். ஆதலின் புதிய நாட்டில் நிலைபெறுதல் அவருக்கே பெரிதும் அரிதாகின்றது. கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் ஆசிரியர்களின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

தென்கொரிய அரசு, 1995 ஆம் ஆண்டு முதல் தன் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்து வருகின்றது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளிற் பட்டம் பெற்ற இளைஞர் பலர், ஓராண்டு ஒப்பந்தத்தின்பேரில் அங்குச் செல்கின்றனர். 'ஹக்வொன்' எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்களும் இத்தகையோரை அமர்த்திக்கொள்கின்றன. கல்வியாண்டு, குளிர் முற்றும் நீங்காத மார்ச்சுத் திங்களில் தொடங்குகின்றது.

வந்து சேர்ந்த ஆசிரியருக்கு முதற்பாடம் வீட்டு வாயிலிலேயே தொடங்கும். வாயிலின் உட்புறத்தில் மிதியடிகளைக் கழற்றி வைப்பதற்கென ஓர் இடம் உண்டு. அதனைக் கடந்து மிதியடியோடு உட்புகுதல் கூடாது. உள்ளே தரை வெதுவெதுப்பாக இருக்கும். முற்காலத்தில் அடுப்பு நெருப்பின் புகையைத் தரைக்கற்களின் கீழே செலுத்தி வீட்டைச் சூடேற்றினர். இக்காலத்தில் தரையின் அடியிற் குழாய் அமைத்து வெந்நீரைச் செலுத்துகின்றனர். இவ்வமைப்பிற்கு 'ஒண்டோல்' என்று பெயர். உணவிற்கு அமர்ந்தால், பெரியோர் கரண்டியை எடுக்கும் வரையில் இளையோர் காத்திருத்தல் வேண்டும். கோசையும் முள்ளங்கியையும் உப்பும் மிளகாய்ப்பொடியும் இட்டுப் புளிக்கவைத்த 'கிம்ச்சி' வேளைதோறும் பரிமாறப்படும். முதல் நாளில் அதன் மணத்திற்கு முகஞ்சுளித்தவருள் பலர், சில திங்கள் கழிந்தபின் அஃதின்றி உண்ண மனங்கொள்வதில்லை.

உணவினும் உறையுளினும் பெரிய இடர் மொழியால் வருவதே. நேற்றுவரை பட்டதாரியாக இருந்தவர், விமானத்தினின்று இறங்கிய அன்றே எழுத்தறியாதவர் ஆகிவிடுகின்றார். கடைக்குச் சென்றால் உப்பு எது, சர்க்கரை எது என்று பொதியைப் பார்த்து அறிய இயலாது. பேருந்தின் பெயர்ப்பலகையும் அவருக்கு வெறுங்கோடுகளே. மாலையில் அறைக்குத் திரும்பிக் கதவை அடைத்தால், பேசுவதற்கு ஒருவரும் இலர். அப்பொழுது ஊர் நினைவு எழும். ஒப்பந்தத்தில் எஞ்சிய திங்களை எண்ணத் தோன்றும். அவ்வெண்ணிக்கையிலேயே ஆண்டு முழுவதையும் கழித்து, ஒன்றும் காணாமல் ஊர் திரும்புவோரும் உண்டு.

மனந்தளராதவர்க்கோ, அந்நாட்டு எழுத்தே முதல் துணையாக அமைகின்றது. கொரிய மன்னர் சேஜோங், சீன எழுத்துகளைக் கற்க இயலாத எளிய மக்கள் வருந்துவதைக் கண்டு, 1443 ஆம் ஆண்டில் 'ஹங்குல்' என்னும் எழுத்துமுறையை வகுத்தார். 1446 ஆம் ஆண்டில் அதனை நாட்டிற்கு வழங்கினார். இன்று அதன் அடிப்படை எழுத்துகள் மெய் 14, உயிர் 10 ஆக 24 ஆகும். முயன்றால் சில நாட்களிலேயே அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். கடைப்பலகை ஒன்றைத் தாமே படித்தறிந்த அன்று, ஆசிரியர்க்கு அவ்வூர் சிறிது தம்மூர் ஆகின்றது.

பள்ளியிலோ வேறொரு புதுமை காத்திருக்கும். மாணவர் ஆசிரியரைத் தலைதாழ்த்தி வணங்குவர். எதனையும் இரு கைகளாலும் கொடுப்பர். ஆயினும், வினா ஒன்றை எழுப்பினால் வகுப்பு முழுவதும் வாய் திறவாது. இதனை அறியாமை என்றோ அசட்டை என்றோ கருதுதல் தவறு. பிழைபடப் பேசினால் பிறர் நகைப்பரே என்னும் அச்சமே பெரும்பாலும் அவர்தம் நாவைக் கட்டுகின்றது. அந்நாட்டில் தேர்வுக்கு உள்ள மதிப்பு மிகப் பெரிது. நவம்பர்த் திங்களில் நிகழும் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வின்போது, ஆங்கிலத்தைக் காதாற் கேட்டு விடையெழுதும் பகுதிக்கு இடையூறு நேராவண்ணம், விமானங்கள் ஏறுதலும் இறங்குதலும் நிறுத்தப்படும். இத்தகைய சூழலில் வளரும் சிறுவர், பிழையை அஞ்சுவதில் வியப்பென்ன?

அவ்வச்சம் எத்தகையது என்பதைப் புதிய ஆசிரியரே நன்கு அறிவார். கடையில் வாய் திறக்கக் கூசி, விரலாற் சுட்டிப் பொருள் வாங்கியவர் அல்லரோ அவர்? ஆதலின் அறிவுடைய ஆசிரியர், தாம் கற்ற கொரியச் சொற்கள் சிலவற்றை வகுப்பிலே கூசாமற் சொல்லிப் பார்க்கின்றார். மாணவர் நகைக்கின்றனர், நகைத்தபின் திருத்துகின்றனர். ஆசிரியரும் அவரோடு சேர்ந்து நகைத்து, மீண்டும் சொல்கின்றார். பெரியவரே பிழைபடப் பேசியும் பெருமை குன்றாமல் நிற்பதைக் கண்ட சிறுவர், தாமும் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லத் துணிகின்றனர்.

இவ்வழியில் முன்னோடியாக விளங்கியவர் ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர். மன்னர் கொஜோங் 1886 ஆம் ஆண்டில் சியோல் நகரில் நிறுவிய ஆங்கிலப் பள்ளிக்கு அழைக்கப்பட்ட மூவருள் ஒருவராக, தம் 23 ஆம் வயதில் அவர் கொரியாவை அடைந்தார். உயர்குடியினர் சீன எழுத்தையே போற்றி, ஹங்குலை எளியோர் எழுத்தென்று இகழ்ந்த காலம் அது. ஹல்பர்ட்டோ அவ்வெழுத்தின் அருமையை உணர்ந்து கற்றார். சில ஆண்டுகளுக்குள் உலக நிலவியலை விளக்கும் பாடநூல் ஒன்றை அவ்வெழுத்திலேயே இயற்றினார். 'அரிரங்' என்னும் நாட்டுப்பாடலின் இசையை 1896 ஆம் ஆண்டில் மேனாட்டு இசைக்குறியீட்டில் எழுதிவைத்தார். கொரிய மொழியைத் தமிழ் முதலிய திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஓர் இலக்கணமும் எழுதினார். அவ்விரண்டும் ஓரினம் என்னும் அவர் கருத்தை இக்கால மொழிநூலார் பெரும்பாலும் ஏற்பதில்லை. எனினும், வினைச்சொல் தொடரின் இறுதியில் நிற்றலும், தந்தையைக் குழந்தைகள் 'அப்பா' என்றழைத்தலும் இரண்டிற்கும் பொது என்பது உண்மை.

கொரியாவின் உரிமைக்காக வாதாடி ஜப்பானியரின் பகையைத் தேடிக்கொண்டமையால், 1907 ஆம் ஆண்டிற்குப்பின் அவர் அங்கு நிலையாக வாழ இயலாதாயிற்று. விடுதலை பெற்ற கொரியா 1949 ஆம் ஆண்டில் அவரை மீண்டும் அழைத்தது. 86 வயது முதியவராகக் கடல்கடந்து வந்தவர், சில நாட்களிலேயே உயிர்நீத்தார். சியோல் நகரில், ஹான் ஆற்றங்கரையை அடுத்த யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற அவரைக் கொரிய மக்கள் தம்மவர் என்று இன்றும் போற்றுகின்றனர். அவர் கற்பித்த ஆங்கிலத்தினும் அவர் கற்ற கொரியமே அவர்க்கு அவ்வுரிமையைத் தந்தது.