நவாஹோ அருவி

அரிசோனா பக்கம் போய் வந்தவர்கள் ஹவாசு அருவியின் படத்தைக் காட்டும்போதெல்லாம் என் மனம் அதற்குச் சற்று முன்னால் இருந்த நவாஹோ அருவிக்குப் போய்விடுகிறது.

அந்த அருவி இருந்தது கிராண்ட் கேன்யனின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில். ஹுவாலபாய் ஹில்டாப்பில் காரை விட்டுவிட்டு, வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே இறங்குவோம். கீழே சுபாய் ஊருக்கு 8 மைல். சாலை கிடையாது, தபால்கூடக் கோவேறு கழுதை மேல்தான் போகிறது. முதுகுப்பை தோளை அறுக்க, காய்ந்த ஓடையின் சரளையில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். ஊர் நெருங்கும்போதுதான் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நவாஹோ. ஹவாசு ஒரே பாய்ச்சலாகச் சுமார் 100 அடி விழும். நவாஹோவுக்கு அந்த அவசரம் இல்லை. செடிகொடி மண்டிய பாறையில் பல கால்களாகப் பிரிந்து, பச்சைக்குள் வெள்ளை வெள்ளையாக வழியும். அந்த ஓடை நீரில் சுண்ணாம்பு அதிகம். நீலப்பச்சை நிறம் அதனால்தான். விழுந்து கிடக்கும் சுள்ளி மேல் அந்தச் சுண்ணாம்பு படிந்து படிந்து, கையில் எடுத்தால் பாதி கல்லாகவும் பாதி மரமாகவும் இருக்கும். தண்ணீர் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 21 டிகிரி. வெயிலில் வெந்த உடம்போடு தலையைக் கொடுத்தால் பிடரியில் மெத்து மெத்தென்று அடிக்கும். அந்த அடிக்காகவே மறுபடி மறுபடி போனேன்.

இரவு ஓடைக்கரையில் கூடாரம். விறகு மூட்டத் தடை என்பதால் சின்ன எரிவாயு அடுப்பில் டீ. குடிக்க ஃபெர்ன் ஊற்று. எவ்வளவு பேசினோம்!

2008 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. சுற்றுலா வந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். ஓடை புதுத் தடம் அறுத்துக்கொண்டு போனதில் நவாஹோ வறண்டது. புதுத் தடத்தில் இரண்டு அருவிகள் உண்டாயின. பிறகு போனபோது அவற்றிலும் குளித்தேன், அழகுக்குக் குறைவில்லை. ஆனாலும் கண் அந்த வெறும் பாறையைத்தான் தேடியது.

சுபாயில் வாழும் ஹவாசுபாய் மக்கள் வெள்ளத்துக்குப் பழகியவர்கள். 1910இல் ஊரே அடித்துப்போக, மீண்டும் கட்டினார்கள். அதுபோலவே, பறிபோன தங்கள் மேட்டுநிலத்தில் ஒரு பகுதியை 1975இல் சட்டம் வழியே திரும்பப் பெற்றார்கள். நவாஹோ என்பது அவர்களுடைய முன்னாள் தலைவர் ஒருவரின் பெயர். இப்போது புதிய அருவிகளை மேல் நவாஹோ, கீழ் நவாஹோ என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரை நம்பிப் பழைய அருவியைப் பார்த்துவிட்டதாக யாரும் நினைத்துவிடாதீர்கள்.