சாலை முடியும் இடம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (வேதியியல்)

என் தந்தை நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மலையில் ஓர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தை நிரப்பக் கூசியவன் நான். அந்தக் கூச்சத்தைப் போக்கியது ஒரு சாலை. அது கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் இருக்கிறது!

டிரான்ஸ் டைகா சாலை என்பது அதன் பெயர். நம் நூலகத்தில் அதைப் பற்றிப் படித்தேன். 666 கிலோமீட்டர் நீளமுள்ள சரளைக்கல் சாலை. இருபுறமும் ஊசியிலைக் காடுகள், ஏரிகள். வழியில் ஓர் ஊர்கூட இல்லை. கடைசி 84 கிலோமீட்டருக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே ஏற்றது. அங்கே வண்டி நின்றுவிட்டால், சாலை வழியே ஓர் ஊரை அடைய 700 கிலோமீட்டருக்கு மேல் திரும்ப வேண்டும்.

விடுமுறையில் தந்தையிடம் பெருமையோடு இதைச் சொன்னேன்.

"டீசல் எங்கே தம்பி போடுவாங்க?"

"வேட்டை முகாம் சிலவற்றில் கிடைக்குமாம். கேனிலும் கொண்டு போவார்களாம்."

"சரளையிலே ஒரு ஸ்டெப்னி பத்தாதே!"

இரண்டு வேண்டும் என்றுதான் நான் படித்ததிலும் இருந்தது. வியந்தேன். அடுத்து அவர் கேட்டார்:

"ஊரே இல்லாத இடத்துக்கு ரோடு எதுக்கு?"

விழித்தேன். மீண்டும் நூலகத்தில் தேடினேன். விடை, மின்சாரம்! 1970களில் தொடங்கிய ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்துக்காகப் போட்ட சாலை அது. அது முடியும் இடத்தில், சுமார் 4,300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கனியாபிஸ்கோ நீர்த்தேக்கம்.

ஊர் இல்லையே தவிர, உரியவர்கள் இருந்தார்கள். அப்பகுதி கிரீ பழங்குடியினரின் வேட்டைக்களம். 1973இல் அவர்கள் வழக்காடித் தடையாணை பெற்றார்கள். ஒரே வாரத்தில் மேல்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 1975இல் உடன்படிக்கை ஏற்பட்டது. அணைகள் எழுந்தன, காடு மூழ்கியது. மூழ்கிய மண்ணிலும் செடிகொடிகளிலும் இருந்த பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெதில் பாதரசமாக மாற்றின. அது மீனில் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக மீன் உண்டு வாழ்ந்தவர்களிடம், "மீனைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல நேர்ந்தது.

மெதில் பாதரசத்தின் வாய்பாட்டைத் தேர்வில் தவறின்றி எழுதிவிடுவேன். ஆனால் அது யார் வீட்டு உலையில் விழுந்தது என்று என்னைத் தேட வைத்தது, நாலாம் வகுப்புப் படித்தவரின் கேள்விதான். சாலையின் நீளத்தை நான் சொன்னேன். அது யாருக்காக என்று அவர் கேட்டார்.

இந்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில், 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில், 'ஜீப் ஓட்டுநர்' என்று தெளிவாக எழுதினேன்.