பறவைக்கு ஒரு பெயர்

நீகாட்டாவிலிருந்து புறப்பட்ட கப்பல் இரண்டரை மணி நேரத்தில் சாதோத் தீவை அடைந்தது. யப்பானிய ஆட்சியாளர் தமக்கு ஆகாதவரை முற்காலத்தில் இங்கேதான் நாடுகடத்தினர். 1221இல் முன்னாட் பேரரசர் யுந்தொக்கு வந்தார். 1271இல் துறவி நிச்சிரென். 1434இல் நோ நாடக மேதை சேஆமி. இம்மூவரையும் வழிகாட்டி நூல்கள் மறப்பதில்லை. நான் தேடி வந்ததோ வேறொரு கூட்டத்தாரின் சுவடுகளை.

ஐகாவாப் பொற்சுரங்கத்தில் 1601இல் தொடங்கிய அகழ்வு 1989இலேதான் ஓய்ந்தது. மனிதக் கரங்கள் வெட்டிய வெட்டில் மலையின் உச்சியே இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ஆழம் பெருகப் பெருக நீர் ஊறியது. அதனை இரவும் பகலும் இறைக்க ஆட்கள் போதவில்லை. ஆகவே 1778 முதல் எடோ நகரத்து வீடற்றோரைப் பிடித்து அனுப்பினர். குடிப்பதிவேட்டில் பெயர் இல்லை என்பதன்றி அவருட் பலர் வேறு குற்றம் செய்தவரல்லர்!

இன்று அக்குகையில் பொறிப் பொம்மைகள் வேலை செய்கின்றன. ஒன்று, வெளியே போய் மது அருந்த வேண்டுமென்று ஏங்கிப் பேசுகிறது. பயணிகள் சிரித்தனர், நானும் சிரித்தேன். மலைச்சரிவில் அம்மனிதரின் நினைவுக்கல்லைக் கண்டபோதுதான் நாணினேன். அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 1800 பேர். கல் நினைவுகூர்வதோ மிகச் சிலரை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொரியர் சுமார் 1500 பேர் இங்கே உழைத்தனர். 2024இல் இச்சுரங்கம் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஊர் அரும்பொருட்சாலையில் அவர்களுக்கென ஒரு காட்சி திறந்தார்கள். அவர்கள் பட்ட இன்னல் அங்கே எழுதப்பட்டுள்ளது. ‘கட்டாய உழைப்பு’ என்ற சொல்லை மட்டும் காணோம்.

மறுநாள் வயல்வெளிக்குச் சென்றேன். அரிவாள்மூக்கன் இனத்துத் தோக்கிப் பறவைக்கு இத்தீவே யப்பானில் இறுதிப் புகலிடம். அந்நாட்டுப் பூர்வீக வழிவந்த கடைசித் தோக்கி 2003இல் இங்கே கூண்டில் மாண்டது. பிடித்தவரின் பெயரையொட்டி அதற்குக் ‘கின்’ என்று பெயரிட்டிருந்தனர்; பொன் என்பது பொருள். சீனா 1999இல் அளித்த இணையால் இனம் மீண்டும் தழைத்தது, 2008இல் பறக்கவிட்டார்கள். அப்பறவைகளுக்காக உழவர் பலர் பூச்சிமருந்தையும் உரத்தையும் பாதியாகக் குறைத்தனர்; மாரியிலும் வயலில் நீர் தேக்குகின்றனர்.

ஒரு முதியவர் வரப்பில் நின்றார். தோக்கி நாற்றை மிதித்துவிடுகிறது என்று முறையிட்டார். பேசிக்கொண்டிருக்கையிலேயே இரண்டு பறவைகள், சிறகின் உட்புறம் இளஞ்சிவப்பாய்ச் சுடர, அவருடைய வயலில் வந்திறங்கின. அவர் துரத்தவில்லை.