உப்புத்தாள்

காலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் அது கண்ணில் படும். எங்கள் காரின் பானெட்டில், வெயில் பட்டு மின்னும் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். நிழலில் நிறுத்தினால் ஒன்றுமே தெரியாது.

கருநீல நிறம். விற்றவர் "பேர்ல் கலர் சார்" என்று சொன்ன ஒரே சொல்லில் மயங்கி வாங்கியது. முத்துக்குளித்த ஊர்க்காரனிடம் இதைவிட எளிதாக எதையும் விற்றுவிட முடியாது. நான்கே ஆண்டுகளில் அந்த முத்தொளி மங்கி, சாம்பல் போட்டுத் தேய்த்த பழைய எவர்சில்வர் தட்டின் சாயல் வந்துவிட்டது. போதாக்குறைக்கு இடப்புறக் கதவில் ஒரு முழ நீளத்துக்கு ஆழமான கீறல். அது கடைத்தெருவில் யாரோ ஒரு பைக்காரர் அளித்த நன்கொடை.

பழியை நான் ஊரின்மேல் போட்டிருந்தேன். தூத்துக்குடியில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, அனல்மின் நிலையம், ஊரைச் சுற்றி முள்ளக்காடு தொடங்கி ஆறுமுகநேரி வரைக்கும் உப்பளங்கள். லாரிகள் ஓடும் சாலையில் கரியும் உப்பும் கலந்தே பறக்கின்றன. கடற்காற்றோ எப்போதும் ஈரமானது. ஓர் இரவு வெளியே நின்றால் போதும், காரின்மேல் விரலால் பெயர் எழுதலாம்.

முத்தையாபுரம் போகும் வழியில் ஒரு கொட்டகையில் வேலை செய்யும் பெயிண்டர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஒரு குவளைத் தண்ணீரைப் பானெட்டின்மேல் ஊற்றினார். கோடுகள் மறைந்தன. கதவின் கீறல்மீது ஊற்றினார். அது மறையவில்லை. நகத்தை அதன் குறுக்கே இழுத்தார், நகம் தட்டி நின்றது. கீறலின் அடியில் செம்பழுப்பாக ஒரு புள்ளி இருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"இது தகரத்தத் தொட்டுட்டு சார். இந்தக் காத்துல இனிமே நிக்காது. மேல உள்ளது வெறும் தோல்தான், சரி பண்ணிரலாம்" என்றவர், சற்று நிறுத்தி, "தெனமும் ஆரு சார் தொடைக்கது?" என்று கேட்டார்.

"அப்பா."

"காஞ்ச துணி வச்சா?"

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்று வ.உ.சி. பெயர் தாங்கி நிற்கும் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அங்கே டாலி கிளார்க்காகச் சேர்ந்து, மூட்டைகளை எண்ணியே ஓய்வுபெற்றவர். கப்பல்காரர்கள் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு, சுத்தியலால் துருவைத் தட்டி உதிர்த்துப் பெயிண்ட் அடிப்பதை ஆயுள் முழுக்கப் பார்த்தவர். உப்புக் காற்றில் நிற்கும் இரும்பை ஒருநாள் மறந்தாலும் போயிற்று என்பது அவருடைய முடிவு. தம் சைக்கிளின் ரிம்முக்கு வாரந்தோறும் தேங்காயெண்ணெய் தடவுவார். அது இன்னும் வீட்டில் துருவில்லாமல் நிற்கிறது. கார் வந்த நாள்முதல் விடியற்காலையில் எழுந்து, பழைய பருத்தித் துண்டால் அதை அழுந்தத் துடைப்பது அவர் வேலையாயிற்று. தண்ணீர் தொட மாட்டார். தண்ணீர் துருவை அழைக்கும் என்று நம்பினார்.

அந்தத் துண்டுக்கும் பெயிண்டுக்கும் இடையே தினமும் கரித்தூளும் உப்புப் பரலும் மணலும் அரைபட்டிருக்கின்றன. பெயிண்ட் கடைகளில் நம்மூரார் உப்புத்தாள் என்று கேட்டு வாங்குவார்களே, மரத்தையும் பட்டியையும் தேய்க்கும் சொரசொரப்பான தாள், அதைத்தான் அப்பா தமக்குத் தெரியாமல் தம் துண்டால் செய்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். "நீங்க தொடைச்சுத் தொடைச்சே காரைக் கெடுத்துட்டீங்கப்பா" என்றேன். ஆகப்போகும் செலவையும் சேர்த்தே சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை துண்டு கொடியில் கிடந்தது. கார் தூசியோடு நின்றது. அப்பா திண்ணையில் காருக்கு முதுகு காட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் அப்படியே. ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு அடக்கமுடைமை அதிகாரம் நடத்துகிறவன் நான். 'வடு' என்ற சொல்லை வள்ளுவர் அங்கே எதற்காக வைத்தார் என்பதற்கு அரைமணி நேரம் விளக்கம் சொல்வேன்.

கார் மூன்று நாள் கொட்டகையில் நின்றது. இரண்டு மாலை நானும் போய் உட்கார்ந்திருந்தேன். நாம் பெயிண்ட் என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் நான்கு அடுக்கு. தகரத்தை ஒட்டித் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் ப்ரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். மேலேயுள்ள கிளியர் கோட் தலைமயிரின் தடிமன்கூட இராது. பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பாலிஷ் போடுவதென்றால் கீறலை நிரப்புவது என்று எண்ணியிருந்தேன். இல்லை. கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்குவதுதான் பாலிஷ். மெழுகு போட்டு மறைப்பது வேறு, அது சில மழையில் போய்விடும். எனவே ஆண்டுதோறும் பாலிஷ் போட்டுத்தருவதாகச் சொல்லும் கடைக்காரரிடம் சற்று எச்சரிக்கை வேண்டும். அவர் எடுப்பது திரும்ப வராத தோல்.

பேர்ல் நிறத்தின் சூட்சுமமும் அங்கேதான் விளங்கிற்று. நிறத்தோடு மெல்லிய அப்பிரகத் துகள்களைக் கலக்கிறார்கள். ஒவ்வொரு துகளின்மீதும் டைட்டானியம் டையாக்சைடு பூச்சு. அந்த ஏடுகளில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகின்றன. சிப்பியும் இதையேதான் செய்கிறது, சுண்ணாம்பு ஏடுகளை அடுக்கடுக்காகப் படியவைத்து. நம் கடலில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். 1973-இல் இதே ஊரில்தான் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை விளைவித்தார்கள். உள்ளே உறுத்துவதைச் சிப்பி தன் ஏடுகளால் மூடுகிறது. மனிதர் செய்த பூச்சுக்கு அந்த வரம் இல்லை, கீறினால் கீறியதுதான்.

கதவுக்குத்தான் உழைப்பு அதிகம். துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, ப்ரைமர் வைத்துக் காயவிட்டு, நிறத்தை மெல்லிய பூச்சுகளாக அடித்தார். ஒவ்வொன்றுக்கும் இடையே காத்திருப்பு. கடைசியில் கிளியர் கோட். பிறகு இரண்டாயிரம் நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்ல மெல்லத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு ஒளி ஏற்றினார். அப்பாவின் துண்டு கெடுத்ததும் தேய்த்து, இவர் மீட்டதும் தேய்த்து. நடுவில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பதே வித்தியாசம்.

காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா திண்ணையிலிருந்து எழவில்லை. பெயிண்டர் நேரே அவரிடம் போய், "அண்ணாச்சி, நாலு வருசம் இந்தக் காத்துல நின்ன வண்டி. இன்னும் பல வண்டி அடியெல்லாம் அரிச்சுப்போய் வருது. ஒங்க வண்டில கீழ ஒரு எடத்துலயும் துரு இல்ல" என்றார். நான் சொல்லியிருக்க வேண்டியது அது.

அப்பா கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "தொடைக்காம எப்படித் தம்பி தூசி போவும்?"

பிறகு நடந்தது அவர்கள் இருவருக்குமான பேச்சு. முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை ஓடவிட வேண்டும். வாளி இரண்டு வேண்டும், ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்று துணியை அலச மட்டும். பாத்திரம் கழுவும் சோப்பு ஆகாது. மேலிருந்து கீழே வர வேண்டும், சக்கரம் கடைசி. வெயிலில் கழுவக் கூடாது. எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும், ஆகவே தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர்தான். காக்கை எச்சத்தை மட்டும் அன்றன்றைக்கே ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். அப்பா இதையெல்லாம் பழைய டாலித் தாளில் குறிப்பதுபோல ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாளிச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அப்பா பானெட்டின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நானும் ஒரு மைக்ரோஃபைபர் துணியை நனைத்துக்கொண்டு கதவருகே போனேன்.

"ஏல, கைய எடு" என்றார். "மோதிரம் போட்டிருக்க."