அழித்துவிடாதே, மேம்படுத்து

அன்புத் தம்பிக்கு,

நேற்று போனில், "எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து புதுசா ஏத்திடறேன் அக்கா" என்றாயே, அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அச்சகத்து மெஷினை அழிக்காதே. அதில் ஓடும் டெபியன் 11 வெளிவந்தது 2021 ஆகஸ்டில், பழசாகிவிட்டது, வாஸ்தவம்தான். ஆனால் டெபியனை இருந்த இடத்திலேயே மேம்படுத்தலாம். அப்பா 2015-இல் டெபியன் 8 ஏற்றினார். பிறகு மூன்று தடவை மேம்படுத்தினார், ஒரு தடவைகூட அழிக்கவில்லை.

முதலில் டெர்மினலில் 'யூநேம் -எம்' கொடுத்துப் பார். 'எக்ஸ்86_64' என்று வந்தால் 13 வரை போகலாம். 'ஐ686' என்று வந்தால் 12-உடன் நின்றுகொள். 13-இல் 32 பிட் மெஷினுக்குக் கெர்னலே தருவதில்லை. எதுவானாலும் 11-லிருந்து நேரே 13-க்குத் தாவாதே. ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும்.

'இடிசி', 'ஹோம்' இரண்டையும் வெளி டிஸ்கில் நகல் எடுத்துக்கொள். அதைச் செய்யாமல் மேற்கொண்டு எதிலும் கை வைக்காதே. பிறகு 'சோர்சஸ்.லிஸ்ட்' கோப்பில் 11-இன் பெயரான 'புல்ஸ்ஐ' இருக்கும் இடமெல்லாம் 12-இன் பெயரான 'புக்வோர்ம்' என்று மாற்று. 12-இல் ஃபர்ம்வேரைத் தனிப் பிரிவாக்கிவிட்டார்கள். அந்த வரிகளின் கடைசியில் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்றும் சேர்த்துவிடு, இல்லாவிட்டால் வைஃபை கார்டுக்கு வரவேண்டிய திருத்தங்கள் வராது. அப்புறம் 'ஆப்ட் அப்டேட்'. அடுத்து, புதுப் பொதிகள் சேர்க்காத சின்ன 'அப்கிரேட்'. கடைசியாக 'ஃபுல்-அப்கிரேட்'.

நான் பயப்படுவது இனிமேல்தான். பாதி வழியில் திரை நடுவே ஒரு பெட்டி வந்து நிற்கும். கோப்புகளைப் பகிரும் சாம்பாவின் 'எஸ்எம்பி.கான்ஃப்' கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதியதைப் போடவா, உங்களுடையதையே வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். அவசரத்தில் புதியதைப் போட்டுவிடாதே. அந்தக் கோப்பில் 'சர்வர் மின் புரோட்டோகால் = என்டி1' என்று ஒரு வரி உண்டு. பிளேட் அறையில் இருக்கும் எக்ஸ்பி கம்ப்யூட்டருக்குப் பழைய எஸ்எம்பி1 மட்டும்தான் தெரியும், சாம்பா 4.11-லிருந்து அதைத் தானாகவே மூடி வைக்கிறது. அந்த ஒரு வரி போனால் மறுநாள் காலை பிளேட் அறைக்கு ஒரு கோப்பும் போகாது. கருப்புத் திரையில் தமிழ் தெரியாது என்பதால், அந்த வரிக்கு மேலே '#' போட்டு, ஆங்கில எழுத்தில் தமிழாகவே அப்பா எழுதி வைத்திருக்கிறார்: "பிளேட் மெஷினுக்கு. எடுக்காதே." இதையா அழிக்கப் பார்த்தாய்?

பெட்டியில் வித்தியாசத்தைக் காட்டச் சொல்லும் தேர்வும் இருக்கும். முதலில் அதைத் திறந்து பொறுமையாகப் படி. படித்தபின் நம்முடையதையே வைத்துக்கொள். மற்ற கோப்புகளுக்கும் இதே கேள்வி வரும். புரியாத இடத்தில் எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

யூபிஎஸ் பேட்டரியையும் பார்த்துக்கொள். என் மெஷினை 10-லிருந்து 11-க்கு மேம்படுத்தியபோது நடுவில் கரண்ட் போய்விட்டது. திரும்ப ஆன் செய்தால் வெறும் கருப்புத் திரை, லாகின் கேட்டுக்கொண்டு நின்றது. ஐந்து வருஷ வேலையும் போய்விட்டது என்று அழுதேவிட்டேன். 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' என்று அடித்ததும் பாதியில் நின்ற பொதிகள் ஒவ்வொன்றாக அமைந்து முடிந்தன. பிறகு 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்'. ஒரு மணி நேரத்தில் எழுந்துவிட்டது. உனக்கு அப்படி ஆனாலும் பயந்துபோய் அழித்துவிடாதே, இந்த இரண்டையும் கொடு.

12 வந்ததும் ஒரு வாரம் வழக்கமான வேலையை ஓட்டிப் பார். பிளேட் போகிறதா, பிரிண்டர் எடுக்கிறதா என்று தெரிந்தபின் 'ட்ரிக்ஸி' என்ற 13-க்குப் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை அச்சகம் மூடியிருக்கும்போது ஆரம்பி. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் திரையைப் படிக்க முடிவதில்லை. நீ வரிகளைப் படித்துக் காட்டு, எது எதற்காகப் போட்டது என்று அவர் சொல்வார். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அக்கா